மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன்: அலிகார் மாணவர் மன்றத்தின் உபதலைவர்

நமது பினாங்கின் கெலுகோர் பகுதியில், மிண்டன் வளாகத்தில் அமைந்துள்ள அறிவியல் பல்கலைக் கழகத்தில் மாணவர் பிரதிநிதித்துவ சபைத் தேர்தல் வரும் நாட்களில், நம் அங்கத்தினர் இல்லங்கள் சிலவற்றில் ஒரு வாக்குவாதமும் கூடவே வந்து சேருகிறது. மகனோ மகளோ தேர்தலில் நிற்கப் போவதாகச் சொல்வார்கள். தாய் தந்தையர் பதறுவார்கள். படிக்க அனுப்பினோமா, கட்சி கட்டிக்கொண்டு அலைய அனுப்பினோமா என்பது அவர்களது கேள்வி. ஜும்ஆ முடிந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது இந்தக் கேள்வியை நம்மிடமே கேட்டவர்கள் உண்டு.

இந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1971ல் பல்கலைக் கழகங்கள், பல்கலைக் கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது. 1974 டிசம்பரில் பாலிங் வட்டாரத்து ரப்பர் தோட்டக் குடியானவர்களின் வறுமையை முன்னிட்டு மாணாக்கர் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அதன்பின் 1975ல் அந்தச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. கட்சி என்ற சொல்லை உச்சரித்தாலே படிப்புக்கு ஆபத்து என்று ஒரு தலைமுறை முழுவதும் எண்ணி வாழ்ந்தது. 2012லும் பின்னர் 2018லும் செய்யப்பட்ட திருத்தங்களால் கட்டுகள் தளர்ந்தன. ஆனால் சட்டம் தளர்ந்த வேகத்தில் பெற்றோர் மனம் தளரவில்லை.

கேட்டவர்களுக்கு நாம் புத்திமதி கூறப் போவதில்லை. ஒரு பெரியாரின் வாழ்க்கையை மட்டும் எடுத்துச் சொல்கிறோம். நமது பல்கலைக் கழகம் தோன்றிய 1969ஆம் ஆண்டில்தான், மே மாதம் 3ந் தேதி, இந்தியாவின் ஜனாதிபதியாக இருந்த டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்கள் பதவியில் இருக்கும்போதே வபாத்தானார்கள். அவர்களை ஜனாதிபதியாக எல்லோரும் அறிவர். அவர்கள் முதன்முதல் வோட்டுப் பெற்று அடைந்த பதவி எது என்பதை அறிந்தவர் நம்மில் சிலரே. அது அலிகார் கலாசாலையின் மாணவர் மன்ற உபதலைவர் பதவி.

அன்னார் 1897 பிப்ரவரி 8ந் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார்கள். முன்னோர் அப்ரீதி பட்டாணியர். சொந்த ஊர் ஐக்கிய மாகாணத்தில் பருக்காபாத் ஜில்லாவைச் சேர்ந்த காயம்கஞ்ச். தகப்பனார் பிதா ஹுசைன் கான் ஹைதராபாத்தில் வக்கீல் தொழிலில் நன்கு சம்பாதித்தவர். பிள்ளைகள் எழுவரும் ஆண்கள். நம் சரித்திர நாயகர் மூன்றாமவர். அவருக்குப் பத்து வயதாக இருக்கையில் தகப்பனார் மறைந்தார். குடும்பம் காயம்கஞ்சுக்குத் திரும்பிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1911ல், பிளேக் நோய் தாயாரையும் கொண்டு போயிற்று. அப்பொழுது அவர் இட்டாவா நகரின் இஸ்லாமியா உயர்தரப் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்.

அதே 1911ல்தான் இத்தாலி திரிப்போலியின் மீது படையெடுத்தது. அடுத்த ஆண்டு பால்கன் யுத்தம். இந்திய முஸ்லிம்களின் உள்ளம் துருக்கிக்காகத் துடித்த காலம் அது. தாயற்ற அந்தப் பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுவன், துருக்கியருக்காக நிதி திரட்டப் புறப்பட்டவர்களில் ஒருவன். பிள்ளைகளுக்கு அரசியல் எங்கிருந்து பிடிக்கிறது என்று கேட்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பையனுக்கு எந்தக் கட்சிக்காரரும் வந்து பாடம் சொல்லவில்லை.

1913ல் அலிகார் முகமதிய ஆங்கிலோ ஓரியண்டல் கலாசாலையில் சேர்ந்தார். வைத்தியராக வேண்டுமென்று லக்னோ கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்று விஞ்ஞானம் படிக்கத் தொடங்கினார். நோய் வந்து படிப்பு நின்றது. மீண்டும் அலிகாருக்கே திரும்பி, தத்துவம், ஆங்கில இலக்கியம், பொருளாதாரம் ஆகியவற்றைப் படித்து 1918ல் பி.ஏ. பட்டம் பெற்றார். இதற்கிடையில், 1915ல், ஷாஜஹான் பேகம் அவர்களுடன் திருமணமும் நடந்தது.

அலிகாரின் மாணவர் மன்றத்தைப் பற்றி இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். ஸர் ஸையத் அஹ்மத் கான் நிறுவிய அந்தக் கலாசாலையில், முதல் பிரின்சிபாலாக இருந்த ஸிட்டன்ஸ் துரையின் பெயரால் 1884ல் அம்மன்றம் தொடங்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் விவாத மன்றமே அதற்கு மாதிரி. ஸிட்டன்ஸுக்குப் பின் வந்த தியோடர் பெக் துரை கேம்பிரிட்ஜ் மன்றத்துக்கே தலைவராக இருந்தவர். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஒருவர் ஆதரித்துப் பேச, மற்றொருவர் எதிர்த்துப் பேச, முடிவில் சபை வோட்டளிக்கும். தோற்றவரும் வென்றவரும் ஒரே உணவு மண்டபத்துக்குத் திரும்ப வேண்டும். பிரின்சிபாலே மன்றத்தின் தலைவர். ஆகவே மாணாக்கர் வோட்டினால் ஒரு மாணவன் அடையக்கூடிய மிக உயர்ந்த ஸ்தானம் உபதலைவர் பதவிதான். அந்த ஸ்தானத்தில்தான் ஜாகிர் ஹுசைன் அமர்ந்தார்.

அவரது பேச்சு ஆர்ப்பாட்டமான பேச்சன்று. நிதானமும் இடையிடையே சிரிப்பும் கலந்தது. கூடப் படித்தவர்கள் அவரை முர்ஷித் என்று செல்லமாக அழைத்ததாகச் சொல்வார்கள்; ஆன்மீக வழிகாட்டிக்குரிய பட்டத்தை இருபது வயது இளைஞருக்கு விளையாட்டாகச் சூட்டியிருக்கிறார்கள். விளையாட்டிலும் கொஞ்சம் உண்மை இருந்திருக்க வேண்டும்.

அலிகார் என்றால் சர்க்கார் உத்தியோகத்துக்கு வாயில் என்று பொருள் கொண்ட காலம். கலாசாலையின் நோக்கமும் ஏறக்குறைய அதுவாகவே இருந்தது. ஆனாலும் 1907லேயே, ஊர்ப் பொருட்காட்சியில் போலீசாரோடு ஏற்பட்ட தகராறை ஒட்டி மாணாக்கர் வேலைநிறுத்தம் செய்து கலாசாலையே மூடப்பட்டதுண்டு. மன்றத்தில் பேசப் பழகியவர்கள் வெளியேயும் பேசாதிருப்பார்களா? மௌலானா முகம்மது அலி, மௌலானா ஷௌகத் அலி ஆகிய சகோதரர்கள் இருவரும் அலிகாரின் பழைய மாணாக்கரே. ஷௌகத் அலி கலாசாலையின் கிரிக்கெட் கோஷ்டிக்குத் தலைவராக இருந்தவர்.

1920ல் ஜாகிர் ஹுசைன் எம்.ஏ. வகுப்பிலும் சட்ட வகுப்பிலும் படித்துக்கொண்டே கலாசாலையில் ஆசிரியர் வேலையும் பார்த்து வந்தார். இருபத்து மூன்று வயது. மனைவி இருக்கிறார். தாய் தந்தை இல்லை. சட்டப் பட்டமும் வாங்கிவிட்டால் நல்ல உத்தியோகத்துக்குத் தடையொன்றும் இல்லை.

அவ்வாண்டு அக்டோபர் 12ந் தேதி காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகாருக்கு வந்தார்கள். கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் கைகோத்துச் சென்ற நேரம். சர்க்கார் மான்யம் பெறும் கலாசாலையை விட்டு மாணாக்கர் வெளியேற வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. அன்று ஜாகிர் ஹுசைன் ஊரில் இல்லை. உடல்நலம் பற்றி டாக்டர் அன்ஸாரியைப் பார்க்க டில்லிக்குப் போயிருந்தார். திரும்பி வந்து ரெயிலடியில் இறங்கினால், அங்கே நின்ற மாணாக்கர் சிலர், வந்திருந்த தலைவர்களைத் தாங்கள் எவ்விதம் கேலி செய்து அனுப்பினோம் என்று பெருமையாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தமது மன்றத்தில், விருந்தினராக வந்தவர்களுக்கு இந்த மரியாதையா என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. அவரது வாழ்க்கையின் திருப்பம் அந்த ரெயிலடியில்தான் நேர்ந்தது என்பது நமது எண்ணம். ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டதனால் வந்த திருப்பமன்று. முதலில் வந்தது வெட்கம், கொள்கை அதற்குப் பிறகுதான்.

மறுநாள் கூட்டத்தில் அலி சகோதரர்கள் மனம் நொந்து பேசியதை அவர் நேரில் கேட்டார். உள்ளம் கலங்கிற்று. ஆனால் உடனே மேடையேறி எல்லோரும் என் பின்னால் வாருங்கள் என்று அவர் கூவிவிடவில்லை. இதைத்தான் நாம் முக்கியமாகக் கருதுகிறோம். வெளியேறினால் இந்தப் பிள்ளைகள் எங்கே போய்ப் படிப்பார்கள் என்று கேட்டார். டில்லிக்குச் சென்று ஹக்கீம் அஜ்மல் கான் முதலிய தலைவர்களைக் கண்டு, மாணாக்கர் வெளியே வந்தால் அவர்களுக்கென ஒரு தேசியக் கலாசாலை அமைத்துத் தருவீர்களா என்று உறுதி கேட்டார். உறுதி கிடைத்த பின்பே தம் படிப்பையும் வேலையையும் துறந்தார். வகுப்பைப் பகிஷ்கரியுங்கள் என்று சொல்ல எந்தத் தலைவராலும் முடியும். பகிஷ்கரித்த பின் மறுநாள் காலையில் என்ன செய்வது என்று யோசித்தவர் அந்த மாணவர் தலைவர்.

கலாசாலை நிர்வாகிகள் சும்மா இருக்கவில்லை. பெற்றோருக்குத் தந்திகள் பறந்தன. தந்தைமார் வந்து பிள்ளைகளைக் கையோடு அழைத்துச் சென்றார்கள். பழைய மாணாக்கர் விடுதியில் தங்கியிருந்த முகம்மது அலியும் அவரைச் சேர்ந்த மாணாக்கரும் வெளியேற்றப்பட்டார்கள். கடைசிவரை நின்றவர்கள் சிறுபான்மையினரே. 1920 அக்டோபர் 29ந் தேதி, கலாசாலைப் பள்ளிவாசலில், ஜாமியா மில்லியா இஸ்லாமியா என்னும் தேசிய முஸ்லிம் சர்வகலாசாலை ஆரம்பித்து வைக்கப்பட்டது. மால்ட்டாத் தீவில் சிறையிருந்து மீண்ட தேவ்பந்த் பெரியார் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் அவர்கள் கடும் நோயோடு அங்கு எழுந்தருளியிருந்தார்கள். பேசச் சக்தியின்மையால் அவர்களது உரையை மாணவரான மௌலானா ஷப்பீர் அஹ்மத் உஸ்மானி வாசித்தார். ஒரு மாதம் கழித்து அப்பெரியார் மறைந்தார். ஜாமியா வாடகை வீடுகளிலும் கூடாரங்களிலும் நடந்தது. ஜாகிர் ஹுசைன் அங்கே ஆசிரியரானார்.

தமிழகத்திலும் அந்த அலை வீசியது. பின்னாளில் காயிதே மில்லத் என்று நாம் போற்றிய முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் பி.ஏ. பரீட்சை எழுதாமலே கல்லூரியை விட்டு வெளியேறியதும் அந்த ஒத்துழையாமை நாட்களில்தான். பிற்காலத்தில் இருவரும் வெவ்வேறு பாதையில் சென்றார்கள். புறப்பட்ட இடம் ஒன்று.

1922ல் ஜாகிர் ஹுசைன் ஜெர்மனிக்குச் சென்று பெர்லின் சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்தார். இந்திய விவசாயத்தைப் பற்றி ஆராய்ந்து 1926ல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கிருந்தபோது கவிஞர் காலிபின் கவிதைத் தொகுப்பை அழகிய பதிப்பாக அச்சிட்டார்; அச்சகத்தில் தாமே எழுத்துக் கோத்தார் என்பார்கள். இதற்குள் ஊரில் நிலைமை மாறிவிட்டது. 1924ல் துருக்கியரே கிலாபத்தை நீக்கிவிட, ஜாமியாவுக்குப் பணம் அளித்து வந்த கிலாபத் கமிட்டியும் வறண்டது. மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. தாமும் நண்பர்கள் சிலரும் வாழ்நாளை அதற்கே கொடுக்கத் தயார், மூட வேண்டாம் என்று பெர்லினிலிருந்து தகவல் அனுப்பினார். 1926ல் ஆபித் ஹுசைன், முஹம்மது முஜீப் ஆகிய இருவருடன் திரும்பி வந்து, இருபத்தொன்பதாம் வயதில் அதன் துணைவேந்தரானார். கலாசாலை அதற்கு முன்பே டில்லி கரோல்பாக்குக்கு மாறியிருந்தது.

அடுத்த இருபத்திரண்டு ஆண்டுகளின் கஷ்டங்களை முழுவதும் எழுத இந்தப் பக்கங்கள் போதா. இருபது ஆண்டுகள் பணியாற்றுவோம், மாதம் 150 ரூபாய்க்கு மேல் கேட்கமாட்டோம் என்று ஆசிரியர்கள் உறுதி எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தொகையும் ஒழுங்காகக் கிடைத்ததில்லை. பூட்ஸைத் துடைக்காமல் வரும் பையன்களைத் திருத்த, துணைவேந்தரே பாலிஷும் பிரஷும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார் என்ற கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வழங்கிக்கொண்டிருந்தபோது, தம் சின்னஞ்சிறு மகள் இறந்துவிட்ட செய்தி காதில் சொல்லப்பட்டும், பிள்ளைகளின் சந்தோஷம் கெடவேண்டாம் என்று கடைசி வரை வழங்கி முடித்தே வீடு திரும்பினார். 1935ல் ஓக்லாவில் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட எந்தப் பிரமுகரையும் அழைக்கவில்லை. பள்ளியின் ஆகச் சிறிய மாணவனே நாட்டினான்.

1937ல் வார்தா கல்வித் திட்டத்தை வகுத்த கமிட்டிக்குத் தலைவரானார். கைத்தொழில் வழியாகக் கல்வி என்ற அத்திட்டத்தை முஸ்லிம் லீகினர் கடுமையாக எதிர்த்தனர். நம் சமுதாயத்திலும் அன்று ஜின்னா சாஹிபின் அபிமானிகள் பலர். ஆதலால் ஜாகிர் ஹுசைன் பெயரை நம் பெரியவர்களில் எல்லோரும் அன்போடு சொன்னதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இருந்தும், 1946 நவம்பரில் ஜாமியாவின் வெள்ளிவிழாவுக்கு ஜின்னா, லியாகத் அலி, நேரு, ஆஸாத் ஆகிய எல்லோரையும் ஒரே மேடையில் உட்காரவைத்தவர் அவர்தான். நாட்டில் எரியும் வகுப்புத் தீயை அணையுங்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே கெஞ்சினார். தீ அணையவில்லை. 1947 ஆகஸ்டில் காஷ்மீருக்குச் செல்லும் வழியில் ஜலந்தர் ரெயிலடியில் கலகக்காரர் கையில் அவரே சிக்கினார். ஒரு சீக்கிய இராணுவ அதிகாரியும் ஒரு ஹிந்து ரெயில்வே உத்தியோகஸ்தரும் உயிரைக் காத்தனர். உடன்பிறந்த மஹ்மூத் ஹுசைன் பாகிஸ்தான் சென்று, பின்னாளில் டாக்கா, கராச்சி சர்வகலாசாலைகளுக்குத் துணைவேந்தரானார்.

இனி அலிகாருக்குத் திரும்புவோம், அவரும் திரும்பினார். 1945, 46 தேர்தல்களில் அலிகார் மாணாக்கர் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டு, பஞ்சாபிலும் பிற மாகாணங்களிலும் லீகுக்காக வோட்டுச் சேகரித்தார்கள். பிரிவினைக்கு முந்திய அந்நாட்களில், ரெயிலில் அவ்வழியே சென்ற மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களை அலிகார் ரெயிலடியில் மாணாக்கர் சிலர் மிகவும் இழிவாக நடத்தினர். 1920ன் ரெயிலடி நினைவுக்கு வருகிறதல்லவா? பிரிவினை வந்தது. ஆசிரியரும் மாணாக்கரும் பலர் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டனர். எஞ்சியவர்களை நாடே சந்தேகக் கண்ணோடு பார்த்தது. இந்தச் சர்வகலாசாலை இருக்கத்தான் வேண்டுமா என்று கேட்டவர்கள் இருந்தனர்.

அந்த நேரத்தில், 1948 நவம்பரில், ஜாகிர் ஹுசைன் அலிகாரின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் எந்த வாயிலை விட்டு வெளியேறினாரோ அதே வாயில். அவரைத் தேசத் துரோகி போலவும் சமுதாயத் துரோகி போலவும் ஏசியவர்களின் பிள்ளைகளே வகுப்புகளில் இருந்தனர். பழைய கணக்கைத் தீர்க்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? அவர் தீர்க்கவில்லை. 1949 பிப்ரவரியில், அவமதிக்கப்பட்ட அதே மௌலானா ஆஸாத், இந்தியாவின் கல்வி மந்திரியாக அலிகார் வந்து பட்டமளிப்பு விழாப் பேருரை நிகழ்த்தினார். துணைவேந்தர் அருகில் அமர்ந்திருந்தார். தவறு செய்த மாணாக்கருக்கு இதைவிடப் பெரிய தண்டனையையோ மன்னிப்பையோ நம்மால் கற்பனை செய்ய முடியவில்லை.

1951ல் சர்வகலாசாலைச் சட்டம் திருத்தப்பட்டு, நிர்வாக சபையில் முஸ்லிமல்லாதாரும் இடம்பெற வழி ஏற்பட்டது. மார்க்க போதனை கட்டாயமன்று என்றும் ஆயிற்று. இதில் மனவருத்தம் கொண்டவர்கள் உண்டு. அது நியாயமா அன்றா என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு. ஆனால் 1956ல் அவர் விடைபெற்றபோது அலிகார் மூடப்படுமா என்ற கேள்வியை எழுப்ப ஆள் இல்லை. கல்வியோடு தோட்டத்தையும் கவனித்தார். ரோஜாச் செடிகளில் அவருக்கிருந்த மோகம் பிரசித்தம்.

பின்னர் வந்த பதவிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1957 முதல் பீஹார் கவர்னர், 1962ல் உப ஜனாதிபதி, 1963ல் பாரத ரத்னா. 1967ல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். அவ்வாண்டுப் பொதுத் தேர்தலில் காங்கிரஸ் பல மாகாணங்களில் தோற்றிருந்தது. எதிர்க்கட்சிகள், பிரதம நீதிபதி பதவியை ராஜினாமா செய்துவிட்டு வந்த கோகா சுப்பா ராவ் அவர்களை நிறுத்தின. ஒரு முஸ்லிம் ஜனாதிபதியாக முடியுமா என்று வெளிப்படையாகவே பேசப்பட்டது. வோட்டு மதிப்பு எண்ணப்பட்டபோது ஜாகிர் ஹுசைனுக்கு 4,71,244. சுப்பா ராவுக்கு 3,63,971. மே 13ந் தேதி பதவி ஏற்றார். இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் காலமானார்.

டில்லியில் ஜாமியா வளாகத்தில், அவர் பெயர் தாங்கிய நூல்நிலையத்தை அடுத்து அவரது அடக்கத்தலம் இருக்கிறது. வகுப்புக்குச் செல்லும் மாணாக்கர் அதைக் கடந்தே நடக்கிறார்கள். மாணவர் மன்றத்து உபதலைவர் ஒருவர் கட்டிக் காத்த அந்தக் கலாசாலையில், 2006ல் மாணவர் சங்கம் கலைக்கப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் அங்கே மாணவர் தேர்தல் நடக்கவேயில்லை.